விண்ணின் தீக்கதிர்கள் – 9: ஹான்லேயின் ஏழு தொலைநோக்கிகள்

விண்வெளியிலிருந்து வரும் காமாக் கதிர் தரையைத் தொடுவதில்லை. வளிமண்டலத்தின் மேலடுக்கில் ஓர் அணுக்கருவின் அருகே அது எலெக்ட்ரானும் பாசிட்ரானுமாக மாறிவிடுகிறது. அந்த இரண்டும் பலவாகப் பெருகித் துகள் மழையாக இறங்குகின்றன. காற்றில் ஒளி செல்லும் வேகத்தை இத்துகள்கள் மிஞ்சுவதால் நீலநிற வெளிச்சம் ஒன்று பளிச்சிடுகிறது. செரென்கோவ் ஒளி என்பது இதுதான். சில நானோ விநாடிகளில் அது அணைந்துவிடும். ஆனால் தரையில் 100 மீட்டருக்கு மேல் ஆரமுள்ள வட்டமாக விழும். தரையிலுள்ள காமாத் தொலைநோக்கிகள் பார்ப்பது இந்த வெளிச்சத்தைத்தான்.

ஆற்றல் குறைந்த கதிரென்றால் வெளிச்சமும் மங்கல். அதைப் பிடிக்க இரண்டு வழிகள் உண்டு: கண்ணாடியைப் பெரிதாக்கலாம், அல்லது மேலே ஏறலாம். டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனமும் பெங்களூருவின் இந்திய வான் இயற்பியல் நிறுவனமும் இரண்டாவது வழியைத் தேர்ந்தெடுத்தன. லடாக்கின் ஹான்லேயில், 4,270 மீட்டர் உயரத்தில், ‘ஹகார்’ என்ற ஏழு தொலைநோக்கிகளின் தொகுதி எழுந்தது. முதல் தொலைநோக்கி 2005இல் நிறுவப்பட்டது; 2008இல் ஏழும் முடிந்தன.

டாடா குழு செரென்கோவ் ஒளியைத் தேடத் தொடங்கிய இடம் ஊட்டி. 1980களில் மத்தியப் பிரதேசத்தின் பச்மடிக்கு இடம் மாறி, அங்கே 1,075 மீட்டர் உயரத்தில் 25 தொலைநோக்கிகளை அமைத்தது. அவை ஏறக்குறைய 700 ஜிகா எலெக்ட்ரான் வோல்ட்டுக்கு மேற்பட்ட ஆற்றலுள்ள கதிர்களையே உணர்ந்தன. அதே அளவுக் கண்ணாடிகளோடு, தொலைநோக்கிகள் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாக இருந்தும், ஹான்லேயில் அந்த எல்லை ஏறக்குறைய 200க்கு இறங்கியது. இதில் பெரும்பங்கு உயரத்தின் கொடை. துகள் மழை அங்கே கிட்டத்தில் இருக்கிறது; இடையில் ஒளியை விழுங்கும் காற்றும் குறைவு. கடல்மட்டத்தில் கிடைப்பதைப்போல் நான்கைந்து மடங்கு அடர்த்தியாக ஒளி விழுகிறது. சிறிய குழுவுக்கு இதைவிடப் பொருத்தமான முடிவு இருந்திருக்க முடியாது.

ஆறு தொலைநோக்கிகள் அறுகோணத்தின் மூலைகளிலும் ஒன்று நடுவிலும் நிற்கின்றன; இடைவெளி 50 மீட்டர். ஒவ்வொன்றும் ஏழு கண்ணாடிகளைச் சுமக்கிறது. 90 சென்டிமீட்டர் விட்டமுள்ள ஒவ்வொரு கண்ணாடிக்கும் குவியத்தில் ஓர் ஒளிப்பெருக்கிக் குழாய் உண்டு. ஆக 49 கண்ணாடிகள், 49 குழாய்கள். இவை அனைத்தும் வானில் ஒரே புள்ளியைப் பார்த்தாக வேண்டும். அதற்காகப் பிரகாசமான ஒரு விண்மீனைச் சுற்றித் தொலைநோக்கியைச் சிறிது சிறிதாக நகர்த்தி, எந்த நிலையில் எந்தக் குழாயின் எண்ணிக்கை உச்சம் தொடுகிறது என்று குறிப்பார்கள். விலகி நிற்கும் கண்ணாடியைத் திருத்திவிட்டு மறுபடி சோதிப்பார்கள். பொறுமையைச் சோதிக்கும் வேலைதான். இது பிசகினால் பிற எல்லாம் வீண்.

ஹகார் படம் எடுப்பதில்லை, நேரத்தை அளக்கிறது. ஒரு நானோ விநாடியில் ஒளி 30 சென்டிமீட்டர் நகரும். உச்சியிலிருந்து ஒரு பாகை சாய்ந்து தட்டுப்போல் இறங்கும் செரென்கோவ் ஒளி, 100 மீட்டர் தள்ளியுள்ள இரு தொலைநோக்கிகளை ஏறக்குறைய ஆறு நானோ விநாடி வித்தியாசத்தில் தொடும். அந்த வித்தியாசத்திலிருந்து கதிர் வந்த திசை தெரியும். குறைந்தது நான்கு தொலைநோக்கிகள் சேர்ந்து உணர்ந்தால்தான் பதிவு ஏற்கப்படுகிறது; தனியொரு குழாயில் எழும் இரைச்சல் இப்படி வடிந்துவிடும்.

உயரம் கொடுத்ததற்கு விலையும் கேட்டது. ஒரு மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜன் கடல்மட்டத்தில் கிடைப்பதில் சுமார் 60 விழுக்காடே. குளிர்காலத்தில் வெப்பநிலை உறைநிலைக்கு வெகு கீழே போவதால் கான்கிரீட் வேலைக்குக் கோடைதான் காலம். மெலிந்த காற்றில் மின்னணுக் கருவிகளின் சூடு எளிதில் ஆறாது. காற்றுப்படலத்தின் மேல் மிதக்கும் முனை கொண்ட சாதாரண ஹார்ட் டிஸ்க், 3,000 மீட்டரைத் தாண்டினால் நம்பத்தக்கதல்ல.

2010 பிப்ரவரியில் சப்தரிஷி மண்டலத் திசையிலுள்ள மார்க்கேரியன் 421 என்ற விண்மீன் மண்டலம் திடீரெனக் கொந்தளித்தது. சுமார் 40 கோடி ஒளியாண்டு தொலைவிலிருந்து வந்த அந்தக் கதிர்வீச்சை ஹகார் பதிவு செய்தது. பின்னர் ஹகாரின் பக்கத்திலேயே பாபா அணு ஆராய்ச்சி மையம் 21 மீட்டர் விட்டமுள்ள ‘மேஸ்’ தொலைநோக்கியை எழுப்பி, 2024 அக்டோபர் 4இல் திறந்தது. உயரமும் பெரிய கண்ணாடியும் ஹான்லேயில் ஒன்றுசேர்ந்தது அதில்தான்.