தண்ணி வேண்டாம் அத்தை... சோறு நீங்களே ஊட்டுங்க!

"இந்த வெயிலுக்குப் பிள்ளைக்கு ஒரு சங்கு தண்ணி கொடுத்தா என்ன?" என்பார் மாமியார். "ஆறு மாசம் வரை தாய்ப்பால் மட்டும்தான் அத்தை" என்பாள் மருமகள். பல வீடுகளில் முதல் உரசல் இதுதான்.

இதில் மருமகள் சொல்வதே சரி. தாய்ப்பாலில் பெரும்பகுதி தண்ணீர்தான். கோடையிலும் அதுவே போதும். சேனை என்று நாக்கில் தடவும் தேனும் ஒரு வயது வரை கூடாது. அதிலிருந்து பாட்டுலிசம் என்ற ஆபத்தான நச்சுப் பாதிப்பு வரலாம்.

சோறூட்டும் வயது வந்ததும் கதை மாறுகிறது. பிள்ளை வாய் திறக்க அம்மா செல்போனை நீட்டுகிறாள். ஒரு வயதுக் குழந்தைக்குத் திரையே வேண்டாம் என்று 2019-லேயே உலக சுகாதார நிறுவனம் சொல்லிவிட்டது. பாட்டியோ இடுப்பில் தூக்கிக்கொண்டு, காக்காய் காட்டி ஊட்டுவார். நேரம் பிடிக்கும்தான், வேலைக்குக் கிளம்புகிற அம்மாவுக்கு அது ஏது? பாட்டி இருக்கும் வீட்டில் கிண்ணத்தை அவரிடமே கொடுத்துவிடலாம்.