‘பழைய அளவுதானே’ என்பதில்தான் ஆபத்து: டேபென்டடால் மாத்திரை உடலில் என்ன செய்கிறது?

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கத்துச் செய்திகளைப் படிப்பவர்களுக்கு ‘வலி நிவாரணி மாத்திரைகள் பறிமுதல்’ என்ற வரி பழகிப்போயிருக்கும். அதில் அடிக்கடி வரும் பெயர் டேபென்டடால். வலி மாத்திரைக்கா கைது என்று கேட்கலாம். ஆனால் பாராசிட்டமால் வேற, இது வேற.

டேபென்டடால் ஓர் ஓபியாய்டு. மூளையில் மார்ஃபின் வேலை செய்யும் அதே ஏற்பிகளில்தான் இதுவும் வேலை செய்கிறது. கடும் வலிக்கும் சர்க்கரை நோயால் வரும் நரம்பு வலிக்கும் டாக்டர்கள் எழுதித் தருவார்கள். சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. இதன் உறவுக்கார மருந்தான டிரமடால் 2018 ஏப்ரலில் என்.டி.பி.எஸ். சட்டத்துக்குள் வந்தபோது டேபென்டடால் வெளியே நின்றது. கடத்தல்காரர்கள் கவனிக்காமல் விடுவார்களா?

ஒண்ணு ஏன் ரெண்டாகிறது?

தொடர்ந்து போட்டால் மூளை மருந்துக்குப் பழகிவிடும். முதல் வாரம் ஒரு மாத்திரையில் கிடைத்தது பிறகு ரெண்டு போட்டாலும் கிடைக்காது. இதைத்தான் ‘டாலரன்ஸ்’ என்கிறார்கள். சிக்கல் என்னவென்றால், எல்லாமே ஒரே வேகத்தில் பழகாது. கிறக்கம் சீக்கிரம் குறையும். மூச்சை மந்தமாக்கும் விளைவு அவ்வளவு சீக்கிரம் குறையாது. மலச்சிக்கலோ கடைசி வரை கூடவே இருக்கும். கிறக்கத்தைத் தேடி அளவைக் கூட்டக் கூட்ட, மூச்சு நிற்கும் எல்லை பக்கத்தில் வந்துகொண்டே இருக்கும். மது சேர்ந்தால் இன்னும் மோசம்.

வெளியே அதிகம் பேசப்படாத விஷயம் இன்னொன்று. சிகிச்சை மையத்திலோ சிறையிலோ சில வாரங்கள் மாத்திரை இல்லாமல் இருந்தவருக்கு டாலரன்ஸ் இறங்கிவிடும். வெளியே வந்து ‘பழைய அளவுதானே’ என்று போட்டால், உடம்புக்கு அது புது ஆளுக்கான ஓவர்டோஸ்.

மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றுபவர்களுக்கு வேறு தொல்லை. மாத்திரையில் மருந்தோடு கலந்திருக்கும் மாவுப் பொருட்கள் ரத்தத்தில் கரையாமல் நரம்பையும் நுரையீரலின் நுண்குழாய்களையும் அடைக்கும். ஊசியைப் பகிர்ந்தால் எச்.ஐ.வி., ஹெபடைட்டிஸ் சி.

நிறுத்தணும்னா?

டாக்டர் சொல்லி நீண்ட நாள் போடுபவர்களும் சட்டென நிறுத்தக் கூடாது. வியர்வை, பேதி, தூக்கமின்மை வரும். அளவைப் படிப்படியாகக் குறைப்பார்கள். போதைப் பழக்கத்துக்கு 14446 என்ற இலவச தேசிய உதவி எண் இருக்கிறது.

கூப்பிட்டும் எழவில்லை, மூச்சு விட்டுவிட்டு வருகிறது, உதடு நீலமாகிறது என்றால் ‘தூங்கட்டும்’ என்று விடாதீர்கள். 108-ஐ அழையுங்கள், ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். என்ன மாத்திரை என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். மாற்று மருந்தான நலாக்சோனைத் தரலாமா என்று டாக்டர் முடிவெடுக்க அந்தப் பெயர் வேண்டும்.