பாளையம் இறங்கிய சீமை

ஸ்ரீவில்லிபுத்தூர் என்றதும் ஆண்டாளும் பால்கோவாவும் நினைவுக்கு வரும். ராஜபாளையம் என்றால் வேட்டை நாய்! ஆனால் ‘பாளையம்’ என்றால் என்ன? சேனை வந்து தங்கும் இடம் என்று பொருள். “படை பாளையம் இறங்கியது” என்று பழைய கதைகளில் படித்திருப்பீர்களே!

இரண்டு ஊருக்கும் இடையே சுமார் ஏழு மைல். மேற்கே மலை, கிழக்கே கரிசல், நடுவே மதுரையிலிருந்து தென்காசிக்குச் செல்லும் சாலை. 18-ம் நூற்றாண்டில் இந்தச் சீமை அடிக்கடி சேனைகளைப் பார்த்தது. 1767-ல் கும்பினியின் கர்னல் டொனால்டு காம்பெல் வாசுதேவநல்லூர்க் கோட்டையை முற்றுகையிட்டார். 1783-ல் கர்னல் புல்லார்ட்டன் பாஞ்சாலங்குறிச்சியைப் பிடித்த கையோடு சிவகிரியின் மேல் பாய்ந்தார். இரண்டும் ராஜபாளையத்துக்குத் தெற்கே, கூப்பிடு தூரம் இல்லாவிட்டாலும் நடந்து போகும் தூரந்தான்.

அக்காலத்துக் கும்பினிச் சேனைகளோடு படம் வரைகிற இஞ்சினீயர்களும் போவது உண்டு. திசை பார்க்க ஒரு கருவி, தூரம் அளக்க ஒரு சக்கரம், மசி, வர்ணம், தூரிகை – இவைதாம் அவர்களுடைய ஆயுதங்கள். மலை உச்சியோ உயர்ந்த கோபுரமோ கண்ணில் பட்டால் குறிக்கு அதுவே போதும். ஸ்ரீவில்லிபுத்தூரின் 192 அடிக் கோபுரத்தைப் போல வேறென்ன வேண்டும்!

படத்தில் கூடாரங்கள் புள்ளிக் கோலம் போல வரிசை பிசகாமல் நிற்கும். சேனையோடு ஒரு கடைவீதியே நகர்ந்து வரும். அதற்கும் இடம் உண்டு. மாட்டுக்காரர், தானிய வியாபாரி, சிப்பாய்களின் மனைவி மக்கள் என்று கூட வருகிறவர்கள் சண்டைக்காரர்களை விட அதிகம்!

நாலு நாள் தங்கலுக்கு எதற்குப் படம் என்கிறீர்களா? அடுத்த சேனைக்காகத்தான். கண்மாய் எங்கே, எந்த வழியில் பீரங்கி வண்டி போகும், எங்கே முட்காடு மறிக்கும் – எல்லாம் அதில் இருக்கும். பாளையக்காரருக்குப் பெரிய அரண் அவருடைய காடுதான். ஊராருக்கு மட்டும் தெரிந்த ஒற்றையடிப் பாதை காகிதத்தில் ஏறியதும் என்ன ஆகும்? அந்தப் பக்கமே வராத துரையும் சென்னையில் மேஜை மேல் விரித்துப் பார்த்து, “இப்படிப் போ” என்று சொல்லலாம்!

இந்த வித்தையின் மகிமை கும்பினிக்கு நன்றாகத் தெரியும். 1794-ல் சென்னையில் அளவைப் பள்ளிக்கூடம் ஒன்றே ஏற்பட்டது. அநாதை விடுதிச் சிறுவர்கள் அங்கே பயின்றார்கள்.

கும்பினியின் சரித்திர ஆசிரியர் ராபர்ட் ஆர்ம் சேகரித்த படங்கள் இன்று லண்டனில், பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. சேனைப் படங்களில் பட்டாளங்களுக்குப் பெயர் எழுதியிருக்கும். அந்தப் பட்டாளம் கண்மாயை வற்றடித்துப் போன பிறகு, வெறுங்குடத்தோடு கரையில் நின்றவளுக்கு எந்தப் படத்திலும் இடமில்லை.