பெட்ரோல் இல்லாத மாதத்தின் மரணக் கணக்கு

இன்றிரவு பக்கம் அச்சுக்குப் போவதற்குள் இரண்டு வகைக் கடிதங்களுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். எரிபொருள் தட்டுப்பாடு வந்தால் சாவு கூடும் என்கிறார்கள் சிலர். வண்டி ஓடாவிட்டால் விபத்தில்லை, சாவு குறையும் என்கிறார்கள் வேறு சிலர். இரண்டும் நடக்கும். ஒன்றை எண்ணுகிறோம், மற்றதை எண்ணுவதில்லை.

தட்டுப்பாட்டு மரணம் என்றால் என்ன?

அரசுப் பதிவேட்டில் அப்படி ஒன்று கிடையாது. ஆனால் நடக்கிறது. 2022 மே மாதம், இலங்கையின் ஹல்துமுல்லையில் பிறந்து இரண்டே நாளான குழந்தைக்கு மஞ்சள் காமாலை. தகப்பன் பெட்ரோல் தேடி மணிக்கணக்கில் அலைந்தார். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது நேரம் கடந்துவிட்டது, குழந்தை பிழைக்கவில்லை. மருத்துவ அதிகாரி ஒருவர் வாய்திறந்ததால்தான் இது வெளியே வந்தது.

நம்மூர் இறப்புச் சான்றுக்கான படிவம் 4ஐப் பாருங்கள்: உடனடிக் காரணம், அதற்கு முந்தைய காரணம், உடனிருந்த நோய்கள். எல்லாம் உடம்புக்குள் நடப்பவை. பழையாறில் நெஞ்சுவலி கண்டவர், வண்டி கிடைக்காமல் தாமதமாகச் சீர்காழி வந்து இறந்தால் டாக்டர் 'மாரடைப்பு' என்றுதான் எழுத முடியும். ஆகவே "தட்டுப்பாட்டால் ஒருவரும் சாகவில்லை" என்று அதிகாரி சொன்னால், அதைப் பொய்யென்று நிரூபிக்கத் தாளே இல்லை. சான்றாவது எல்லோருக்கும் உண்டா? 2020இல் இந்தியா முழுக்கப் பதிவான மரணங்களில் 22.5 சதவீதத்துக்கே காரணம் மருத்துவர் கையெழுத்தோடு இருந்தது.

சாலைச் சாவுக்கோ போலீஸ் வழக்கு உண்டு. 2019இல் 1,51,113 பேர். ஊரடங்கு வந்த 2020இல் 1,31,714. இந்தக் குறைவை யாரும் மேடையில் சொல்லிக்கொள்ளலாம்.

அப்படியானால் எப்படி எண்ணுவது?

காரணத்தை விட்டுவிட்டு, தட்டுப்பாட்டு மாதத்தில் இறந்தவர்களை முந்தைய ஆண்டுகளில் அதே மாதம் இறந்தவர்களோடு ஒப்பிடுவார்கள். அதில் கூடுதலாக வருவதுதான் மிகை மரணம். அதிலும் ஓட்டை உண்டு. பைக்கில் போகாததால் பிழைத்த பத்து இளைஞர்களையும், ஆஸ்பத்திரிக்குப் போக முடியாமல் இறந்த பத்து முதியவர்களையும் கூட்டிக் கழித்தால் விடை பூஜ்யம். வயதுவாரியாகப் பிரித்தால்தான் உண்மை தெரியும். ஆனால் அந்தக் கணக்கு கைக்கு வர ஆண்டுகள் ஆகும்: 2021க்கான பிறப்பு, இறப்புக் குடிமைப் பதிவு அறிக்கை வெளிவந்ததோ 2025 மே மாதத்தில்.

கியூபாவில் நன்மை நடந்ததாமே?

1990களில் சோவியத் எண்ணெய் நின்றது, மக்கள் நடந்தார்கள், இளைத்தார்கள், பின்னாளில் சர்க்கரை, இதய நோய்ச் சாவுகள் குறைந்தன. அதே தட்டுப்பாட்டுக் காலத்தில் 50,000 பேருக்கு மேல் நரம்பு நோய் கண்டதையும் சேர்த்துப் படியுங்கள்.

கேஸ் நின்றால்?

விறகுதான். அதன் புகை கொல்ல ஆண்டுகள் எடுத்துக்கொள்ளும், எந்த மாதக் கணக்கிலும் சிக்காது.

அரசிடம் கையிருப்பு?

விசாகப்பட்டினம், மங்களூரு, பாதூர் பாறைக் குகைகளில் 53 லட்சம் டன் கொள்ளும். அது கொள்ளளவு, இருப்பு அல்ல, அதுவும் கச்சா எண்ணெய், பெட்ரோல் அல்ல.