மறதி நோயும் மாதர் நலமும்

முதுமையில் பெயர் மறப்பதும் பொருள் வைத்த இடம் மறப்பதும் பலர்க்கும் உள்ளதே. ஆயின், பழகிய தெருவில் வழி தடுமாறுதலும், நாள்தோறும் செய்த சமையலின் முறை மறத்தலும், காசு எண்ணவியலாமையும் முதுமையின் இயல்பல்ல. அவை மூளையைப் பற்றிய நோயின் குறிகள். இதனை மருத்துவர் டிமென்ஷியா என்பர். நாம் மறதி நோய் எனலாம். இந்நோய் ஆண்களைவிடப் பெண்களையே மிகுதியாகப் பற்றுகிறது. அதன் காரணங்களை அங்கத்தினர் அறிதல் அவசியம்.

இந்திய முதியோரை ஆராய்ந்து 2023ஆம் ஆண்டு வெளியிட்ட கணிப்பின்படி, 60 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில் நூற்றுக்கு 7.4 பேர், ஏறத்தாழ 88 இலட்சம் மக்கள், இந்நோயுற்றவர். ஆண்களில் நூற்றுக்கு 5.8 பேர், பெண்களிலோ 9 பேர்.

பெண்கள் நெடுநாள் வாழ்கின்றனர், வயதுடன் நோயும் வளர்கிறது என்று காரணம் கூறுவதுண்டு. அது ஓரளவே உண்மை. மாதவிடாய் நிற்கும் பருவத்து உடல் மாறுதல்களும் மரபுக் கூறுகளும் ஆராயப்பட்டு வருகின்றன. இவை நம் கையில் இல்லை. நம் கையில் உள்ளவை வேறு பல.

லான்செட் மருத்துவ இதழின் அறிஞர் குழு 2024இல் மாற்றத்தக்க 14 காரணங்களைத் தொகுத்தது. அவை அனைத்தையும் நீக்கின், உலகில் இந்நோயின் நூற்றுக்கு 45 பங்கைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ கூடும் என்பது அக்குழுவின் மதிப்பீடு.

அவற்றுள் முதலாவது இளமையில் கல்வியின்மை. கல்வி மூளைக்குச் சேமிப்பு நிதி போன்றது. நல்ல காலத்தில் சிறுகச் சேர்த்தவன் பஞ்ச காலத்தில் தாங்குவான். அவ்வாறே பயின்ற மூளை நோயின் சேதத்தை நெடுநாள் தாங்குகிறது. 1961ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில் எழுத்தறிந்த ஆண்கள் நூற்றுக்குச் சுமார் 40 பேர். பெண்கள் 15 பேரே. அன்று பள்ளிக்கு அனுப்பப்படாத சிறுமியரே இன்றைய பாட்டிமார். அவர்தம் சேமிப்பு தொடக்கத்திலேயே மறுக்கப்பட்டது. மனச்சோர்வும் பெண்களிடமே மிகுதி.

ஆண்களுக்கு வேறு இடர்கள் உண்டு. புகையும், அளவுமீறிய மதுவும், விபத்தில் நேரும் தலைக்காயமும் நம் நாட்டில் ஆண்களிடமே அதிகம். இரத்த அழுத்தம், நீரிழிவு, கெட்ட கொழுப்பு, உடற்பருமன், உடலுழைப்பின்மை, தனிமை, மாசுபட்ட காற்று, பார்வைக் குறை, செவிக் குறை ஆகியவை இருபாலார்க்கும் பொது. விசைத்தறியின் ஓயாத இரைச்சல் செவியைக் கெடுப்பதை நெசவாளர் அறிவர். காது மந்தமாயின், 'வயதாகிவிட்டது' என்று விட்டுவிடாது மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும்.

இன்னொன்றும் கருதத்தக்கது. உலக சுகாதார நிறுவனம் கூறுவதன்படி, இந்நோயாளர்க்குக் குடும்பத்தார் முதலியோர் ஆற்றும் பணிவிடை நேரத்தில் நூற்றுக்கு 70 பங்கு பெண்களுடையது. நோயும் அவர்க்கே மிகுதி; பணிவிடையும் அவர்க்கே.

ஆதலின் நாம் செய்யத்தக்கன சில. தார் சுற்றவோ களை எடுக்கவோ வேண்டிப் பெண் குழந்தையின் பள்ளியை நிறுத்தலாகாது. நடுவயதிலேயே கணவனும் மனைவியும் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்துக்கொள்ளுதல் நன்று. கணவனை இழந்த மூதாட்டியரை மூலையில் இருத்தாமல், சங்கக் கூட்டத்திற்கு அழைத்து வருவோமாக. பலர் கூடி ஒருவரைத் தாங்குவதே கூட்டுறவு. அது நினைவிழந்தவரையும் அவரைக் காப்பவரையும் தாங்கட்டும்.