சுளுக்குதானே என்று விட்ட கணுக்கால்… ஏன் மாதக்கணக்கில் ஆறுவதில்லை?

‘சம்பா நடவின்போது நாற்றுக்கட்டைத் தூக்கிக்கொண்டு வரப்பில் வந்தேன். வலது கால் உள்பக்கமாக மடங்கிவிட்டது. எண்ணெய் போட்டு நீவினார்கள். நான்கு நாள் படுத்திருந்துவிட்டு வேலைக்குப் போய்விட்டேன். இப்போது அறுவடையே வந்துவிட்டது. காலையில் பரவாயில்லை, பொழுது சாய்ந்தால் கணுக்கால் வீங்கிவிடுகிறது. மேடுபள்ளத்தில் கால் தானாகத் திரும்பிக்கொள்கிறது. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தாகிவிட்டது, எலும்பில் ஒன்றும் இல்லையாம். பிறகு ஏன் ஆறவில்லை?’

இந்தக் கேள்வி ஏதாவது ஒரு வடிவத்தில் நம் கேள்வி-பதில் பகுதிக்கு வந்துகொண்டே இருக்கிறது. நான்கு வரியில் பதில் சொல்லி முடிக்கிற விஷயமில்லை என்பதால்தான் இந்தக் கட்டுரை. சேற்றிலும் வரப்பிலும் பிழைப்பவருக்குக் கணுக்கால் போனால் அந்தப் பருவமே போனது மாதிரி. நடவுக்கூலி, களையெடுப்புக் கூலி என்று வாரச் சம்பளத்தில் குடும்பம் நடத்துகிறவர்களுக்கு இன்னும் மோசம். அதனாலேயே பாதி ஆறிய காலோடு வயலில் இறங்குகிறார்கள். அங்கேதான் சிக்கலே ஆரம்பிக்கிறது.

உள்ளே என்ன நடக்கிறது?

எலும்பையும் எலும்பையும் சேர்த்துக் கட்டியிருக்கும் நார்க்கயிறுகளை டாக்டர்கள் ‘லிகமென்ட்’ என்பார்கள். ஊரில் நாம் ஜவ்வு என்கிறோம். கணுக்காலின் வெளிப்பக்கத்தில் இப்படி மூன்று ஜவ்வுகள் இருக்கின்றன. உங்கள் காலைத் தொட்டுப் பாருங்கள். உள்பக்கக் கணு எலும்பு மேலே இருக்கும், வெளிப்பக்கக் கணு எலும்பு சற்றுக் கீழே இறங்கியிருக்கும். இதனால் பாதம் வெளிப்பக்கமாகத் திரும்புவதைவிட உள்பக்கமாக மடங்குவது சுலபம். அப்படி மடங்கும்போது வெளிப்பக்கத்து ஜவ்வுகள் இழுபடும். மூன்றில் முன்னால் இருப்பதுதான் பலம் குறைந்தது, முதலில் கிழிவதும் அதுதான்.

ஜவ்வு வெறுமனே இழுபட்டிருந்தால் இரண்டு, மூன்று வாரத்தில் நடமாட்டம் சரியாகிவிடும். பாதி கிழிந்திருந்தால் ஆறு வாரம் ஆகலாம். முழுவதும் அறுந்திருந்தால் மூன்று மாதமோ அதற்கு மேலோ ஆகும். இது நடமாட்டத்துக்கான கணக்கு மட்டும்தான். உள்ளே புதிதாக உருவான நார் முறுக்கேறிப் பழைய பலத்துக்கு வர ஒரு வருடம் வரைகூட ஆகும். தசையைப்போல ஜவ்வுக்கு ரத்த ஓட்டம் தாராளமாகக் கிடையாது. கடைமடை வயல் மாதிரி, தண்ணீர் வந்து சேர நேரமாகும்.

ஒட்டுக்கட்டிய மாஞ்செடியை வைத்துப் பார்த்தால் இது சுலபமாகப் புரியும். ஒட்டு கூடுவதற்குள் ஆட்டினால் பிரிந்துவிடும். ஒட்டு கூடிய பிறகும் கட்டை அவிழ்க்காமல் விட்டால் அந்த இடம் நெரிபடும். முட்டுக்கம்பில் இறுக்கிக் கட்டியே வளர்த்த கன்று, காற்றில் ஆடி வளர்ந்த கன்றைப்போலத் தண்டு பெருக்காது. ஜவ்வும் அப்படித்தான். ஆரம்ப நாள்களில் அதற்குக் காவல் வேண்டும். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் பாரம் ஏற்ற வேண்டும். புதிய நார்கள் சரியான திசையில் அடுக்கப்படுவதே அந்தப் பாரத்தால்தான். நம் ஆட்கள் முதல் வாரத்திலேயே சுமை தூக்குகிறார்கள். இல்லாவிட்டால் இரண்டு மாதம் காலைக் கீழே ஊன்றாமல் கிடக்கிறார்கள். இரண்டுமே தப்பு.

‘கால் தானாகத் திரும்புகிறது’ என்பது பிரமை இல்லை

ஜவ்வுக்குள் நுண்ணிய உணர்வு நரம்புகள் இருக்கின்றன. பாதம் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று மூளைக்கு நொடிக்கு நொடி தகவல் கொடுப்பது அவற்றின் வேலை. இருட்டில் வரப்பில் நடக்கும்போது நாம் பாதத்தைப் பார்ப்பதில்லை, ஆனாலும் விழாமல் நடக்கிறோம் இல்லையா? ஜவ்வு கிழியும்போது இந்த நரம்புகளும் பழுதாகின்றன. இங்கிலாந்தைச் சேர்ந்த எலும்பு சிகிச்சை நிபுணர் ஃப்ரீமேன் 1965-ம் ஆண்டிலேயே இதைச் சுட்டிக்காட்டினார். ஒற்றைக்காலில் நின்று பழகும் சமநிலைப் பயிற்சியால் கால் மடங்குவதைக் குறைக்க முடியும் என்றும் காட்டினார்.

ஜவ்வு கூடிவிட்டாலும் இந்தத் தகவல் தொடர்பு தானாகச் சீராவதில்லை. மூளைக்குத் தகவல் தாமதமாகப் போகிறது. அதற்குள் பாதம் மடங்கிவிடுகிறது. மடங்கினால் மறுபடி கிழிசல், மறுபடி வீக்கம். ஆறாத சுளுக்கு என்று வருகிறவர்களில் பலருக்கு இந்தச் சுற்றுதான் நடந்துகொண்டிருக்கிறது. வலி குறைந்ததை வைத்து ஆறிவிட்டது என்று முடிவுகட்டுவதால் வருகிற வினை.

ஒரு சின்னச் சோதனை. சுவர் பக்கத்தில் நின்று, நல்ல காலை மட்டும் ஊன்றி 30 விநாடி நில்லுங்கள். பிறகு அடிபட்ட காலில் நில்லுங்கள். ஆட்டம் அதிகமாக இருந்தால், வலியே இல்லாவிட்டாலும் அந்தக் கால் இன்னும் வயலுக்குத் தயாராகவில்லை.

எக்ஸ்ரே யாருக்கு, எப்போது?

கனடாவின் ஒட்டாவா நகர டாக்டர்கள் 1992-ல் வகுத்த ஒரு விதியை உலகம் முழுக்க அவசர சிகிச்சைப் பிரிவுகளில் பயன்படுத்துகிறார்கள். அடிபட்ட உடனேயும் சரி, மருத்துவமனைக்கு வந்த பிறகும் சரி, நொண்டியாவது நான்கு எட்டு வைக்க முடியவில்லை என்றால் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். உள், வெளிக் கணு எலும்புகளின் நுனியையும், அங்கிருந்து மேலே 6 செ.மீ. வரை அவற்றின் பின்விளிம்பையும் அழுத்தும்போது எலும்பிலேயே வலித்தாலும் எடுக்க வேண்டும். சுண்டுவிரலிலிருந்து பின்னால் வந்தால், பாதத்தின் நடுவில் வெளிப்பக்கமாகத் துருத்திக்கொண்டிருக்கும் எலும்புக்கும், பாதத்தின் உள்பக்க வளைவின் உச்சியில் இருக்கும் எலும்புக்கும் இது பொருந்தும். கால் மரத்துப்போன சர்க்கரை நோயாளிகளுக்கும் குடிபோதையில் விழுந்தவர்களுக்கும் இந்த விதியை நம்பக் கூடாது. வலி தெரியாதவரிடம் வலிக்கிறதா என்று கேட்டு என்ன பயன்?

எக்ஸ்ரேயில் ஜவ்வு தெரியாது. அதனால் ‘படத்தில் ஒன்றுமில்லை’ என்றால் எலும்பு முறியவில்லை என்பது மட்டுமே அர்த்தம். கால் நன்றாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

பற்று, கட்டு, நீவல்

முதல் மூன்று நாள் நீவக் கூடாது. உள்ளே ரத்தம் கசிந்துகொண்டிருக்கும்போது அழுத்தித் தேய்த்தால் கசிவு கூடும், வீக்கமும் கூடும். சூட்டு ஒத்தடமும் அந்த நாள்களில் வேண்டாம். காலால் பிறந்தவர் மிதித்தால் போய்விடும் என்று புதுச் சுளுக்கை மிதிக்கக் கொடுக்கிற வழக்கம் சில ஊர்களில் உண்டு. மிதிப்பவர் எப்படிப் பிறந்தவராக இருந்தாலும் மிதிபடுவது கிழிந்த ஜவ்வு.

புளியும் உப்பும் கரைத்துக் காய்ச்சிப் போடும் பற்றைச் சூடு ஆறிய பிறகு போடுவதில் பெரிய கெடுதல் இல்லை. தோலில் காயம் இருந்தால் மட்டும் வேண்டாம். முட்டை வெள்ளைக்கருவும் உளுந்து மாவும் குழைத்துத் துணியில் போடும் கட்டு காய்ந்ததும் விறைத்துக்கொள்ளும். அது காலை அசையவிடாமல் தாங்குகிறது, அந்த வகையில் உபயோகம்தான். ஆனால், அடிபட்ட கால் முதல் இரண்டு நாளில் இன்னும் வீங்கும். கட்டு விரியாது. விரல்கள் நீலம் பாய்ந்தாலோ, சில்லிட்டாலோ, மரத்தாலோ, வைத்தியரைத் தேடிக்கொண்டிருக்காமல் கட்டை உடனே வெட்டி எடுங்கள். புத்தூர் கட்டானாலும் இதே எச்சரிக்கைதான்.

ஐஸ் விஷயத்தில் ஒரு வேடிக்கை உண்டு. ஓய்வு, ஐஸ், அழுத்தக் கட்டு, காலை உயர்த்தி வைத்தல் என்ற நான்கையும் சேர்த்து 1978-ல் பிரபலப்படுத்தியவர் அமெரிக்க டாக்டர் கேப் மிர்கின். அவரே 2014-ல், ஐஸும் முழு ஓய்வும் ஆறுவதைத் தாமதப்படுத்தலாம் என்று கருத்தை மாற்றிக்கொண்டார். வலி தாங்க முடியாவிட்டால் துணியில் சுற்றி 15 நிமிடம் வைக்கலாம், அவ்வளவு போதும். கிரேப் பேண்டேஜும், படுக்கும்போது காலுக்குக் கீழே இரண்டு தலையணையும்தான் வீக்கத்துக்கு முக்கியம். மெடிக்கல் ஷாப்பில் கலந்து கொடுக்கிற வலி மாத்திரைகளை வாரக்கணக்கில் விழுங்காதீர்கள். சிறுநீரகமும் வயிறும் கெடும். அதைவிட, வலியை மறைத்துக்கொண்டு நாற்றங்காலில் இறங்கினால் கால் மேலும் கெடும்.

திண்ணையிலேயே செய்யும் பயிற்சி

எலும்பு முறிவு இல்லை என்று உறுதியானதும், மூன்றாம் நாளிலிருந்தே காலை மெல்ல அசைக்கலாம். உட்கார்ந்தபடி பாதத்தை அந்தரத்தில் தூக்கி, கட்டைவிரலால் அ முதல் ஔ வரை எழுதுங்கள். பன்னிரண்டு எழுத்தையும் எழுதி முடிப்பதற்குள் கணுக்கால் எல்லாப் பக்கமும் திரும்பியிருக்கும். ஒரு நாளைக்கு மூன்று வேளை. எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிகள் கோலம் போடட்டும்.

அடுத்தது துண்டு. காலை நீட்டி உட்கார்ந்து, தோள்துண்டைப் பாதத்தின் முன்பகுதியில் மாட்டி உங்கள் பக்கமாக 30 விநாடி இழுத்துப் பிடியுங்கள். இதை விட்டுவிடவே கூடாது. சுளுக்குக்குப் பிறகு பாதம் முன்பக்கமாக மடங்குவது குறைந்துவிடுகிறது. குத்துக்காலிட்டு உட்கார்ந்து களை பறிக்கவும், பால் கறக்கவும், கொல்லைப்பக்கம் போகவும் அந்த மடங்கல்தான் வேண்டும். அது இல்லாமல் உட்கார்கிறவர்கள் பாரத்தை மற்றக் காலுக்கும் இடுப்புக்கும் மாற்றிவிடுகிறார்கள். ஆறு மாதம் கழித்து ‘இடுப்பு வலி’ என்று வருவார்கள்.

ஊன்றி நடக்க முடிந்ததும் பழைய சைக்கிள் ட்யூபை ஒரு சாண் அகலத்துக்கு வளையமாக முடிந்து, இரண்டு பாதங்களிலும் மாட்டி, அடிபட்ட பாதத்தை வெளிப்பக்கமாகத் தள்ளுங்கள். பத்துப் பத்தாக மூன்று தடவை. கால் மடங்கும்போது பிடித்து நிறுத்துகிற வெளிப்பக்கத் தசைகளுக்கு இதுதான் வலு கொடுக்கும். நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி இறக்குவதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முதலில் இரண்டு காலில், பிறகு ஒரே காலில்.

கடைசியாக, எல்லாவற்றையும்விட முக்கியமான ஒற்றைக்கால் நிற்றல். பல் துலக்கும்போது அடிபட்ட காலில் நில்லுங்கள். சுலபமாகிவிட்டால் கண்ணை மூடி நில்லுங்கள், பக்கத்தில் பிடிமானம் இருக்கட்டும். அதுவும் பழகிவிட்டால் நான்காக மடித்த சாக்கின் மேல். தினமும் ஐந்து நிமிடம், குறைந்தது ஆறு வாரம். காசில்லாத வைத்தியம் என்பதாலோ என்னவோ, இதை மட்டும் யாரும் செய்வதில்லை.

பயிற்சியின்போது லேசான வலி இருக்கலாம். மறுநாள் காலை வீக்கம் கூடியிருந்தால் அளவைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளுங்கள். மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் இயன்முறை சிகிச்சைப் பிரிவு உண்டு. தமிழக அரசு 2021-ல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ குழுவிலும் இயன்முறை மருத்துவர் இருக்கிறார். ஊருக்கு வரும் சுகாதாரத் தன்னார்வலரிடம் கேளுங்கள்.

இது சுளுக்கே இல்லாமலும் இருக்கலாம்

ஆறு வாரம் ஒழுங்காகப் பயிற்சி செய்தும் முன்னேற்றம் இல்லையென்றால் எலும்பு மூட்டு டாக்டரைப் பாருங்கள். மூட்டின் உள்ளே குருத்தெலும்பு பெயர்ந்திருக்கலாம். கணுவின் பின்னால் ஓடும் தசைநாண் கிழிந்திருக்கலாம். கெண்டைக்காலின் இரண்டு எலும்புகளையும் இணைக்கும் மேல் ஜவ்வு விலகியிருக்கலாம். ஸ்கேன் தேவையா என்பதை அவர் முடிவு செய்வார். கெண்டைக்காலே வீங்கிக் கனத்து வலித்தால் ரத்தக்கட்டாக இருக்கலாம், அன்றைக்கே போக வேண்டும். கூடவே மூச்சு வாங்கினால் 108-ஐ அழையுங்கள்.

சர்க்கரை நோயாளிகள் இந்தப் பத்தியை இரண்டு தடவை படியுங்கள். பெரிதாக அடிபட்ட ஞாபகமே இருக்காது. பாதம் சிவந்து வீங்கியிருக்கும். தொட்டால் மற்றப் பாதத்தைவிடச் சூடாக இருக்கும், ஆனால் அதற்கேற்ற வலி இருக்காது. ‘சுளுக்கு போல’ என்று நடந்துகொண்டே இருப்பார்கள். உள்ளே எலும்புகள் நொறுங்கிப் பாதத்தின் அமைப்பே மாறிவிடும். ‘சார்கோ பாதம்’ என்று இதற்குப் பெயர். ஆரம்பத்திலேயே பாதத்தில் பாரம் ஏற்றாமல் மாவுக்கட்டுப் போட்டால் காலைக் காப்பாற்றலாம்.

வயலுக்குத் திரும்பும் வரிசை

முதலில் வீட்டு முற்றம், பிறகு தார்ச்சாலை, அடுத்து காய்ந்த வயல். வரப்பும் சேறும் கடைசி. சேறு பாதத்தைப் பிடித்துக்கொள்ளும். உடம்பு திரும்பும்போது கணுக்கால் முறுக்குப்படும். சுமையோடு வரப்பில் நடப்பதைக் குறைந்தது மூன்று மாதம் தள்ளிப்போடுங்கள். முடியாது என்றால், சுமையைப் பாதியாக்கி இரண்டு நடையாகப் போங்கள். தென்னை, பனை ஏறுகிறவர்கள் ஒற்றைக்காலில் இருபது தடவை குதிகாலைத் தூக்கி இறக்க முடிகிற வரை மரத்தைத் தொட வேண்டாம். தேய்ந்த ரப்பர் செருப்பைக் கழற்றிவிட்டு, பின்பட்டி உள்ள செருப்போ ஷூவோ போடுங்கள். மேட்டு நிலத்து வேலைக்குக் கணுக்கால் உறை போட்டுக்கொண்டால் மறுபடி மடங்குவது குறையும். வேலை முடிந்ததும் கழற்றிவிட வேண்டும்.

டிராக்டர் ஓட்டலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். அடிபட்டது வலது கால் என்றால் பிரேக் அந்தக் காலில் இருக்கிறது. வண்டியை நிறுத்தி வைத்து, பிரேக்கை முழு பலத்தோடு பத்துத் தடவை சடாரென்று மிதித்துப் பாருங்கள். ஒரு தடவையாவது வலியில் கால் தயங்கினால் சாவியை வேறு ஒருவரிடம் கொடுத்துவிடுங்கள்.