நேப்பிள்ஸ் நகரின் குடில் தெரு



இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரில், பழைய ஊருக்குள் சான் கிரெகோரியோ அர்மேனோ என்றொரு குறுகிய தெரு உண்டு. இருபுறமும் குடில் சுரூபங்கள் செய்வோரின் பட்டறைகள். ஆண்டு முழுவதும் வேலை நடந்தாலும், நவம்பர் பிறந்ததும் தெருவே கிறிஸ்மஸ் சந்தையாகிவிடும். தோள் உரசாமல் நடக்க முடியாது. குடும்பம் குடும்பமாக வருவார்கள். பலர் வாங்குவது ஒன்றோ இரண்டோதான். சென்ற ஆண்டு கை உடைந்த இடையருக்குப் பதிலாக ஒருவர், அல்லது புதிதாக ஒரு ரொட்டிக்காரர். பாட்டி வாங்கியதும் பேரப்பிள்ளை தேர்ந்ததுமாக வீட்டுக் குடில் இப்படித்தான் வளர்கிறது.

அந்தக் குடிலில் பெத்லகேமைத் தேடினால் நேப்பிள்ஸ்தான் கிடைக்கும். மீன் விற்பவர், துணி துவைக்கும் பெண், மதுக்கடைக்காரர் என எல்லாரும் அவரவர் வேலையில் இருப்பார்கள். ஒரு மூலையில் பெனினோ என்னும் இடையர் உறங்கிக்கொண்டிருப்பார். அவரை எழுப்பக்கூடாதாம், குடில் முழுவதும் அவர் காணும் கனவாம்! இப்போது கால்பந்து வீரர்களும் அரசியல்வாதிகளும்கூடச் சுரூபமாகிவிட்டார்கள். அது என் மனதை உறுத்துகிறது என்பதை மறைக்கவில்லை. ஆனால் மீன்காரர் உறுத்தவில்லை. ஆண்டவர் பிறந்த இரவில் இடையர்களும் வேலையில்தானே இருந்தார்கள்?

1223-ஆம் ஆண்டு கிரேச்சோ என்ற ஊரில் அசிசி நகர் புனித பிரான்சிஸ் ஏற்பாடு செய்த கிறிஸ்மஸ் இரவை நினைத்துப் பாருங்கள். தீவனத் தொட்டி, வைக்கோல், ஒரு காளை, ஒரு கழுதை, அவ்வளவே. அந்தத் தொட்டியின்மீது திருப்பலி நிறைவேற்றப்பட்டது. திருத்தொண்டரான பிரான்சிஸ் நற்செய்தியைப் பாடினார். கையில் விளக்கும் பந்தமுமாகச் சுற்றி நின்ற ஊர்மக்களே அன்று இடையர்கள். நேப்பிள்ஸின் ரொட்டிக்காரரும் துணி துவைக்கும் பெண்ணும் அவர்களுக்குப் பின்னால்தான் நிற்கிறார்கள்.

இத்தாலியக் குடும்பங்கள் பல, டிசம்பர் 8-ஆம் தேதி அமல உற்பவத் திருவிழாவன்று குடிலை அமைத்துவிடும். குழந்தை இயேசுவை மட்டும் வைக்கமாட்டார்கள். உரோமைச் சிறுவர் சிறுமியர் திருவருகைக் காலத்தின் மூன்றாம் ஞாயிறன்று அந்தச் சிறு சுரூபத்தைத் தூய பேதுரு வளாகத்திற்கு எடுத்துச் செல்கிறார்கள். நண்பகல் மூவேளைச் செபத்தின்போது திருத்தந்தை அதை ஆசீர்வதிக்கிறார். 1969-இல் புனித ஆறாம் பவுல் தொடங்கிய வழக்கம் இது. பிறகு சுரூபம் வீடு திரும்பி அலமாரிக்குள் போய்விடும். 24-ஆம் தேதி நள்ளிரவில், வீட்டில் மிகச் சிறியவர் எடுத்து வந்து கிடத்தும்வரை, தொட்டி காலியாகவே காத்திருக்கும்.